காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் காரா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



"கையில காசு, வாயில தோசை" என்பது நம்மூர்ப் பேச்சு. காசைக் கொடுத்தால் பொருள் கைக்கு வர வேண்டும், அதுதான் வியாபாரம். ஆனால் காசை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றாலும் "போயிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும் கடையும் உண்டு. அது கார் ஷோரூம்! விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில், சரக்கும் இல்லாத நேரத்தில், ஒரு சாதாரணக் குடும்பம் கார் வாங்கலாமா, வேண்டாமா? இதைப் பற்றி ஆட்டோமொபைல் படிக்கிற நாமே யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பார்கள்?

நம் தாத்தா காலத்துக் கதை

வண்டிப் பற்றாக்குறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1951-ல் வந்த தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, எந்தத் தொழிற்சாலை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ்தான் தீர்மானித்தது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், பம்பாயில் பிரிமியர் கம்பெனியின் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு. இந்த மூன்றை விட்டால் சாமானியனுக்கு நாலாவது கார் கிடையாது. 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணம் நிச்சயமான அன்று மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் புக் பண்ணினால், பேரன் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. வரிசையில் கிடைத்த வண்டியை வெளியில் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டு லாபம் பார்த்தவர்களும் அன்று உண்டு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-ல் புதிய தொழிற்கொள்கை. 1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அதன்பிறகு ஒரு தலைமுறை, கடைக்குப் போனோம், காரை எடுத்தோம், எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம், வீட்டுக்கு வந்தோம் என்று வாழ்ந்தது. வரிசை ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நகத்தளவு சில்லு செய்த வேலை

வரிசை திரும்பி வந்தது 2021-ல். இந்த முறை காரணம் லைசென்ஸ் அல்ல, மைக்ரோ சிப்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்ததும், இனி யார் கார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்த கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டன. அதே நேரத்தில் வீட்டுக்குள் அடைந்தவர்கள் லேப்டாப்பும் செல்போனும் வாங்கித் தள்ளினார்கள். சிப் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சில மாதத்தில் கார் விற்பனை எழுந்தபோது, கார் கம்பெனிகள் வரிசையின் கடைசியில் நின்றன! பட்ட காலிலே படும் என்பதுபோல, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயல் வந்து சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் ரெனெசாஸ் ஆலையில் தீ. பிறகு மலேசியாவில் ஊரடங்கு.

எஞ்சின் கன்ட்ரோல் யூனிட், ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங் என்று எதைத் தொட்டாலும் சிப்தான். ஆயிரம் பாகம் தயாராக இருந்தாலும் ஒரு சிப் இல்லையென்றால் வண்டி லைனை விட்டு இறங்காது. 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் முடியும் என்று மாருதி நிறுவனமே அறிவித்தது. 2022-ல் ஜப்பானில் டொயோட்டா, இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதில் ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றொன்றுக்குச் சாதாரண இரும்புச் சாவியைக் கொடுத்தது!

ஆசை மட்டும் குறைந்ததா? இல்லை. 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் புக்கிங் திறந்ததும், அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேர் பதிவு செய்துவிட்டார்கள். புது வண்டி இல்லாததால் பழைய வண்டிக்குக் கிராக்கி. அமெரிக்காவில் 2021 ஜூனில் பழைய கார் விலை ஒரே வருடத்தில் 45 சதவீதம் ஏறியிருந்தது. பக்கத்தில் இலங்கையில் நிலைமை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் அங்கே பழைய கார்கள் வாங்கிய விலையைவிட அதிக விலைக்குக் கைமாறின. கார் பழசாகப் பழசாக விலை குறையும் என்று நாம் படிக்கிற தேய்மானக் கணக்கே அங்கே தலைகீழ்!

அடி யாருக்கு?

பற்றாக்குறை எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம்.

வீட்டில் ஒரு கார் இருக்க இரண்டாவது கார் புக் பண்ணுகிறவருக்கு ஒரு வருடம் என்பது வெறும் காலண்டர். அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் வண்டியை வைத்துப் பிழைக்க நினைப்பவனுக்கு?

என் அப்பா ஆக்டிங் டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 2022-ல், நான் ஒன்பதாவது படிக்கும்போது, சொந்தமாக ஒரு டாக்சி போடலாம் என்று அப்பா ஒரு ஷோரூமுக்குப் போனார். "எட்டு மாசம் ஆகும்ணே" என்றார்கள். அன்றைக்கு விலை என்ன இருக்கும் என்று கேட்டால், "டெலிவரி அன்னைக்கு என்ன விலையோ அதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "முப்பத்தஞ்சாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் எடுத்துக்குங்க, இன்சூரன்ஸும் நம்மகிட்டயே போட்டுடுங்க, அடுத்த மாசமே வண்டிய எடுத்துடலாம்" என்றார்களாம். பழைய வண்டி பார்த்தார். நாலு வருடம் ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிட எண்பதாயிரம்தான் குறைவு. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "என்னங்க, சவாரி இல்லாத மாசம் டியூ யாரு கட்டுவா?" அப்பா வாங்கவில்லை. 2024-ல்தான் ஒரு பழைய வண்டியை எடுத்தார். அந்த இரண்டு வருடமும் அடுத்தவர் வண்டியில் பேட்டாவுக்குத்தான் ஓட்டினார். தவணை போக மாதம் நாலாயிரம் மிஞ்சியிருக்கும் என்று வைத்தால்கூட, 24 மாதத்துக்கு 96 ஆயிரம்.

வாங்கியிருந்தால் கூடுதல் விலை. வாங்காமல் இருந்ததால் போன வருமானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி கைக்காசு குறைந்தவனுக்குத்தான்! "டிமாண்டு இருந்தா விலை ஏறத்தான் செய்யும், அது பொருளாதாரம்" என்று சிலர் சொல்வார்கள். ஏறட்டும். போர்டில் எழுதி ஏறட்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறட்டும். வரிசையில் முன்னே போவதற்கு மறைமுகமாக வாங்கும் காசுக்குப் பெயர் பொருளாதாரம் அல்ல. எந்த மாடலுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், நம் எண் எத்தனையாவது என்பதை ஷோரூம் வாசலில் ஒட்டி வைப்பதில் என்ன கஷ்டம்? ரேஷன் கடைக்கே போர்டு இருக்கும்போது பத்து லட்ச ரூபாய் சமாச்சாரத்துக்கு ஒரு போர்டு வேண்டாமா?

கால்குலேட்டரை எடுங்கள்

கோபப்பட்டால் மட்டும் போதாது. கணக்கும் போட வேண்டும்.

6 லட்ச ரூபாய் கடன், வருடம் 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,750. மொத்த வட்டி ஒரு லட்சத்து 65 ஆயிரம். அதையே 7 வருடமாக நீட்டினால் தவணை 10 ஆயிரத்துக்குள் வரும். "குறைஞ்சிடுச்சே" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் வட்டி 2 லட்சத்து 37 ஆயிரமாகிவிடும்.

பழைய வண்டிக் கடனில் 'ஃபிளாட் வட்டி' என்று ஒன்று சொல்வார்கள். அதே 6 லட்சம், அதே 10 சதவீதம், அதே 5 வருடம். ஆனால் தவணை 15 ஆயிரம்! நாம் கட்டக் கட்ட அசல் குறைவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையான வட்டி 17 சதவீதத்துக்கு மேல். "பத்து பர்சன்ட்தான்ணே" என்று சொன்னால், "ஃபிளாட்டா, குறையும் வட்டியா?" என்று கேளுங்கள்.

இப்போது பற்றாக்குறைக்கு வருவோம். அவசரத்துக்கு 50 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து, அதையும் அதே 10 சதவீதக் கடனில் சேர்த்தால், 5 வருடத்தில் கட்டுவது சுமார் 63,700. காத்திருப்பதால் மாதம் நாலாயிரம் வருமானம் போகிறது என்றால், 16 மாதம்தான் எல்லைக்கோடு. எட்டு மாதத்தில் வண்டி வரும் என்றால் காத்திருப்பதே லாபம். இரண்டு வருடம் ஆகும் என்றால், கூடுதல் கொடுத்தும் வாங்கலாம். பிழைப்புக்கு இல்லாமல் பெருமைக்கு வாங்குவதாக இருந்தால் கணக்கே வேண்டாம், காத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் உள்ள சிறிய பெட்ரோல் காருக்கு அதற்கு முன் செஸ்ஸோடு 29 சதவீத வரி. ஒரே நாளில் 55 ஆயிரம் வித்தியாசம்! ஆகஸ்டில் அவசரப்பட்டவர் கையைப் பிசைந்ததுதான் மிச்சம்.

பழைய வண்டி பார்க்கப் போனால்

சரக்கு இல்லாத காலத்தில்தான் சொத்தை வண்டியும் நல்ல விலைக்குப் போகும். நமக்குத் தெரிந்ததை நம் தெருவுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் சொல்லாமல் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். மீட்டர் 40 ஆயிரம் கிலோமீட்டர் காட்டி, பெடல் ரப்பர் வழுக்கையாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருடத்தின் 35-வது வாரம் தயாரானது. சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் பார்த்த ஊர். அதனால் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை இருந்தால், வண்டி நீச்சல் அடித்திருக்கிறது!

காகிதத்தையும் விடாதீர்கள். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், பைனான்ஸ்காரரின் என்ஓசியும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டி என்றால், எட்டு வயது தாண்டியதும் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். புது வண்டியோ பழசோ, இன்சூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம்மால் முடியாதா?

நண்பர்களே! மூன்று வருடம் ஒர்க்ஷாப்பில் கை கறுத்தது மார்க் ஷீட்டுக்காக மட்டுமா? நம் பேரவை ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில், நம் ஆட்டோமொபைல் ஒர்க்ஷாப் வாசலைத் திறந்து வைப்போம். பழைய வண்டி வாங்கப் போகிற ஊர்க்காரர்கள் வண்டியோடு வரட்டும். காசு வேண்டாம். நாலு பேர் எஞ்சினைப் பார்ப்போம், இரண்டு பேர் காகிதத்தைப் பார்ப்போம், ஒருவர் தவணைக் கணக்குப் போட்டுக் கொடுப்போம். "வாங்குங்க", "வாங்காதீங்க" என்று சொல்ல வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

சிப் பற்றாக்குறை நாளை வேறு பெயரில் வரும். 2025-லேயே சீனா அரிய மண் காந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் கார் கம்பெனிகள் மறுபடி ஒருமுறை திகைத்தன. நம்மால் சிப் தொழிற்சாலை கட்ட முடியாது. விலையைக் குறைக்கவும் முடியாது. ஆனால் விவரம் தெரியாததால் ஒருவன் ஏமாறுவதை நம்மால் தடுக்க முடியும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்கப் பணம் வேண்டும், பணம் இல்லாதவனுக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆளாவது வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போமே!