நாகினியும் எங்க நல்ல பாம்பும்

சென்னையில படிக்கிற அண்ணன் மகன் லீவுக்கு எங்க ஊருக்கு வந்திருந்தான். விருத்தாசலம் பக்கம். மல்லாட்டைக் கொல்லை வரப்புல ஒரு நல்ல பாம்பு படம் எடுத்து நின்னுச்சு. "சித்தப்பா, நாகினி! அடிங்க!"ன்னு கத்துனான். அவனை இழுத்துக்கிட்டு தள்ளி நின்னேன். அது பாட்டுக்குப் போயிடுச்சு.

யாருடா நாகினின்னு கேட்டேன். ஹாரி பாட்டர் கதையில வில்லனோட பாம்பாம். 2007ல வந்த கடைசிப் புத்தகத்துல நெவில்ங்கிற பையன் அதோட தலையை வாளால வெட்டிடுவானாம். பாம்பு பாஷை பேசுறவனையே அங்க கெட்டவன்னு சந்தேகப்படுவாங்களாம்.

இந்தோனேசியப் புராணத்து நாகத்துலேருந்து அந்தப் பேரை எடுத்ததா, எழுதின ரௌலிங் அம்மா 2018ல சொன்னாங்க. அங்கேயும் நாகம் உண்டுதான். ஆனா அந்தச் சொல்லு இங்கேருந்து கடல் தாண்டிப் போனது. பேரை எடுத்ததுல எனக்கு வருத்தமில்லைங்க. கூட இருந்த மரியாதையை விட்டுட்டாங்களேன்னுதான். கடிச்சா ஆளையே கொல்லுற பாம்புக்கு 'நல்ல'ன்னு பேர் வச்சவங்க நாம. பயம் இல்லாம இல்ல, பயந்துக்கிட்டே மதிச்சோம். எலியைப் பிடிச்சு வெள்ளாமையைக் காப்பாத்துறதும் அதுதானே.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. பாம்பு பால் குடிக்கிற ஜந்து இல்ல, ஆனா புத்துல ஊத்துறோம். வெள்ளிக்கிழமை புத்துக்கு மஞ்சள் குங்குமம் வைப்போம், மறுநாள் வீட்டுக்குள்ள வந்தா கம்பைத் தூக்குவோம்.

என்னையே ஒரு தடவை கடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி ஊசியாலதான் பிழைச்சேன். அந்த ஊசி மருந்துக்குப் பாம்பு விஷம் வேணும். வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது. பாம்பைப் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. கதையில பாம்பை அறிஞ்சவன் கெட்டவன். இங்க அவங்களாலதான் நான் உயிரோட உக்காந்து இதை எழுதுறேன்.

இதைச் சொன்னதும் பையன் கேட்டான், "அவங்களுக்கு பாம்பு பாஷை தெரியுமா சித்தப்பா?"

"தடம் தெரியும், வளை தெரியும், எப்ப சீறும்னு தெரியும். வேற என்னடா பாஷை?"ன்னேன்.

புள்ளைங்க அந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும், வேணாங்கல. லீவுக்கு ஒரு தடவை கொல்லைக்கும் அனுப்பி வைங்க. ராத்திரியில டார்ச் இல்லாம மட்டும் வரப்புல நடக்க விடாதீங்க.