ஒட்டிய படலமும் ஓராண்டுப் பொறுமையும்



தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று, இன்று ஆறாம் படிவத்தில் இருக்கும் மாணவர் ஒருவருக்கு விழிவெண்படல மாற்று அறுவை நடந்தது. ஆறு மாதமாகியும் எழுத்துகள் நிழலிட்டே தெரிகின்றன என்கிறார். வீட்டாரோ, “படிக்காமல் இருக்கச் சாக்கு” என்று கடிகின்றனர். அந்தக் கடிதலே இதனை எழுதத் தூண்டியது.

இவ்வறுவை முதன்முதலில் வெற்றி கண்டது 1905இல். செய்தவர் எடுவார்ட் சிர்ம். நூறாண்டு கடந்தும் ஓர் இடர் நீங்கவில்லை. கொடையாகப் பெற்ற படலத்தை முடியினும் மெல்லிய இழையால் சுற்றிலும் தைக்க வேண்டும். தையலின் இழுப்பு சற்றே வேறுபட்டாலும் படலத்தின் வளைவு சீர்குலையும். ஒளி ஒரு புள்ளியில் குவியாது. இதுவே அஸ்டிக்மாட்டிசம் எனப்படும் சிதறல் பார்வை. படலம் பளிங்குபோல் தெளிந்திருந்தும் பார்வை தெளியாதிருப்பது இதனால்தான், சோம்பலால் அன்று.

“கண்ணுக்குள் லென்ஸ் வைத்தால் சரியாகிவிடுமே, ஏன் காலந்தாழ்த்த வேண்டும்?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு, படிப்பு காத்திருக்காது. ஆயினும் அவசரம் வேண்டா என்பதே என் கருத்து. தையல்களை முழுமையாக நீக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு தையலை நீக்கும்போதும் வளைவு மாறும். சிதறலைத் திருத்தும் ‘டோரிக்’ லென்ஸோ குறித்த கோணத்தில் அமைய வேண்டியது. 1 பாகை விலகினால் திருத்தத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். 30 பாகை விலகினால் பயனே இராது. மாறிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு மாறாத லென்ஸை எப்படி அளந்து வைப்பது?

வளைவு ஒழுங்கற்றதாயின் இந்த லென்ஸ் உதவாது. கடினவகைத் தொடுவில்லையே துணை. மேலும், கண்ணை மீண்டும் திறக்கும் ஒவ்வோர் அறுவையும் புதிய படலத்தின் உட்புற உயிரணுக்களைக் குறைக்கும். இழந்தவை மீண்டும் பெருகா. எனவே, அளவுகள் நிலைத்தபின் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதுவரை நம் கடமை என்ன? பெற்றோர் கடிதலை விடுக்க. ஆசிரியர்கள் முன்வரிசையில் இடமும் பெரிய எழுத்தில் பயிற்சித்தாளும் தருக. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டின், பள்ளி முன்கூட்டியே முயல்க. யாரோ ஒருவர் இறந்தபின் ஈந்த கண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி, ஓராண்டுப் பொறுமைதானே?