வீட்டிலிருந்தே கல்லூரி: தூரமா, நேரமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். “பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் தூரம். ஹாஸ்டலில் விடுவதா, வீட்டிலிருந்தே போய்வரச் செய்வதா?” பெண்பிள்ளையாக இருந்தால் கேள்வியே முடிவாக வந்துவிடும்: “போய்வர முடியாத இடம் என்றால் வேண்டாம்.”

ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமும் சிலர் யோசனை கேட்பதுண்டு. “சார், நாகர்கோவிலுக்கு ரயிலில் எத்தனை கிலோமீட்டர்?” என்பார்கள். 71 என்று சொன்னவுடன், “அவ்வளவுதானே!” என்று சமாதானம் ஆகிவிடுவார்கள். கேள்வியே சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். அதையும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கணக்கிடாமல், வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை கணக்கிட வேண்டும்.

இந்தப் பாதையின் கதையைச் சற்று நினைவுபடுத்துகிறேன். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு இந்தத் தலைநகரத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. மனோன்மணீயம் தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை பணியாற்றிய கல்லூரி இன்று யூனிவர்சிட்டி கல்லூரியாக இருக்கிறது. தெற்கேயிருந்து தமிழ்ப் பிள்ளைகள் படிக்க வந்த ஊர் இது. ஆனால் அவர்களுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் வர வேண்டும், அல்லது உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டும். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி அகலப்பாதை திறக்கப்பட்டது 1979 ஏப்ரலில்தான். நாகர்கோவில் திருநெல்வேலியோடு இணைந்தது 1981இல். அதன் பிறகே இரணியல் பிள்ளையும் குழித்துறைப் பிள்ளையும் காலை ரயிலில் வந்து படித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பழக்கம் வேரூன்றியது. குமரி மாவட்டத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகிய பிறகு, இங்கிருந்து அங்கே போய்வரும் பிள்ளைகளும் உண்டு.

இந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச வரவில்லை. ரயில் இல்லாதிருந்தால் பல பெண்கள் பட்டப்படிப்பின் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ரயில்வே தரும் ஒரு சலுகை இன்றும் பல பெற்றோருக்குத் தெரியாது. பட்டப்படிப்பு முடியும் வரை மாணவியருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர்களுக்கும், வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் படிக்கும் ஆண்பிள்ளைகளுக்குச் சாதாரண சீசன் கட்டணத்தில் பாதி. கல்லூரியிலிருந்து உரிய சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. பணச்செலவை நினைத்து மகளின் படிப்பை நிறுத்தும் எண்ணம் எந்த வீட்டிலாவது இருந்தால், முதலில் ஸ்டேஷன் கவுண்டருக்குப் போய் விசாரியுங்கள்.

ஆனால் டிக்கெட் இலவசம் என்பதால் நேரமும் இலவசம் ஆகிவிடாது. நாகர்கோவிலில் வீடு, படிப்பது காரியவட்டத்தில் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன், அங்கே காத்திருப்பு, ரயில், தம்பானூரில் இறங்கிப் பஸ் என்று எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்பது மிகையல்ல. நாளொன்றுக்கு ஐந்து மணி. ஆண்டுக்கு 180 வேலை நாள் என்றால் 900 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டால், ஆண்டில் 112 நாட்களுக்கு மேல் பயணத்திலேயே போகிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஓர் ஆண்டு!

“ரயிலில் படிக்கலாமே” என்பார்கள். உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம். காலை வண்டியில் ஒரு கையில் கம்பியும் மறு கையில் பையுமாக நிற்கும் பிள்ளை எதைப் படிக்கும்? உள்ளே இடமில்லாமல் படிக்கட்டில் தொங்கிப் பயணம் செய்வது சட்டப்படி குற்றம். அதைவிட, அது உயிரோடு விளையாடுவது. வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

வண்டி ஏன் தாமதம் ஆகிறது என்றும் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். இந்தப் பாதை ஒற்றைப் பாதையாகப் போடப்பட்டது. இரட்டைப் பாதை வேலை பல ஆண்டுகளாக நீண்டது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே எதிரெதிராக இரண்டு வண்டிகளை விட முடியாது. ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது வர முடியும். பெரும்பாலும் ஒதுங்கி நிற்பது பாசஞ்சர் வண்டிதான். எங்கோ வடக்கே தாமதமான எக்ஸ்பிரஸுக்காகப் பாறசாலையில் நம் பிள்ளை காத்திருக்க நேரும். தம்பானூரில் பிளாட்பாரம் காலியாகாவிட்டால் ஊருக்கு வெளியே மறுபடியும் நிற்க வேண்டும். ஆகவே அட்டவணை நேரத்தை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு வருகை கேட்கின்றன. வண்டி தாமதமானால் அடி விழுவது எப்போதும் முதல் வகுப்பில்தான். அந்த வகுப்பு தினம் ஒரே ஆசிரியருடையதாக இருந்துவிட்டால் ஆண்டு முடிவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சென்னையில் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அதில் போய்ப் படித்தார்கள். அங்கே ஒரு வண்டி தவறினால் சிறிது நேரத்தில் அடுத்தது வரும். நம் பாதையில் காலை வண்டி ஒன்று தவறினால் அன்றைய பாதி நாள் போயிற்று. மாலை வண்டி தவறினாலோ, வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். ஆகையால் தூரத்தை விசாரிக்கும்போது, “அடுத்த வண்டி எப்போது?” என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

நம்மவர்கள் ஹாஸ்டல் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. வீட்டில் இருந்தால் நம் பேச்சும் பழக்கவழக்கமும் நிலைக்கும் என்று எண்ணுகிறோம். வெளியூரில் வாழும் நமக்கு அது நியாயமான ஆசையே. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்த பிள்ளைக்கு வீடு ஒன்றுதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆனால் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரவு எட்டுக்கு வந்து, சாப்பிட்டவுடன் தூங்கிவிடும் பிள்ளை நம்மோடு எத்தனை வார்த்தை பேசுகிறது? அது வீட்டில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வீட்டில் படுக்கிறது, அவ்வளவுதான். வாரம் ஐந்து நாள் ஹாஸ்டலில் இருந்து, சனியும் ஞாயிறும் நிம்மதியாக நம்மோடு உட்கார்ந்து பேசும் பிள்ளை இதைவிட அதிகம் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

பிறகு என்னதான் செய்வது? போக வர இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தயங்காமல் வீட்டிலிருந்தே அனுப்புங்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் இயலும். அதற்கு மேல் என்றால் தங்கிப் படிப்பதைப் பற்றி யோசியுங்கள். முடியாத குடும்பம், தேர்வு மாதங்களிலாவது கல்லூரிக்கு அருகே தங்க வழி செய்யட்டும்.

எவ்வளவு நேரமானாலும் போய்வந்துதான் படிக்க வேண்டும் என்றால், வீட்டிலுள்ளவர்களும் பங்கு ஏற்க வேண்டும். பல வீடுகளில் மகன் களைத்து வந்தால் காபி தயாராக இருக்கிறது. அதே ரயிலில் நின்றுகொண்டே வந்த மகளுக்குப் பாத்திரம் காத்திருக்கிறது. “வீட்டில்தானே இருக்கிறாய்” என்ற ஒரு சொல்லில் அவள் படிப்பு நேரம் பறிபோகிறது. ஹாஸ்டல் கட்டணத்தில் நாம் மிச்சம் பிடிப்பது அவளுடைய தூக்கத்திலிருந்தும் படிப்பிலிருந்தும்தான் என்பதை மறக்கக் கூடாது.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நகரத்தில் கல்லூரிகளுக்கு அருகே வசிக்கும் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் பல வீடுகளில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. தேர்வு மாதத்தில் ஒரு மாணவிக்குத் தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் தர முன்வருபவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரித்து வைக்கலாம். பெரிய கட்டடமோ நிதியோ தேவையில்லை; நன்கு தெரிந்த பத்துக் குடும்பங்கள் போதும். “போய்வர முடியாது, அதனால் வேண்டாம்” என்று நின்றுபோகும் படிப்புகளில் ஒன்றிரண்டாவது அதனால் தொடரும். அன்பர்கள் தங்கள் கருத்தையும் எழுத வேண்டுகிறேன்.