உங்கள் தப்புகளை எங்களுக்கு அனுப்புங்கள்



ஆங்கிலம் பற்றிக் கேட்டு நம் இதழுக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒரு மன்னிப்போடுதான் தொடங்குகின்றன. "நான் தமிழ் மீடியம், தப்பா நினைக்காதீங்க" என்று. முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும் இதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் வேகமாகப் பேசுவதால் நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

நாம் ஆங்கிலத்தில் செய்யும் தப்புகள் பலவற்றுக்குள்ளே நல்ல தமிழ் இருக்கிறது. 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்பவரைப் பாருங்கள். 'நேற்றுதான் வந்தேன்' என்பதிலுள்ள 'தான்' அவருக்கு முக்கியம். அதை விட மனமில்லாமல் 'ஒன்லி'யைத் துணைக்கு அழைக்கிறார். 'இங்கேயே' என்பதன் ஏகாரம் 'ஹியர் இட்செல்ஃப்' ஆகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, 'டிஸ்கஸ்' என்றதும் பின்னால் ஓர் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் 'பற்றி' டிஸ்கஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது, தனியாக வேண்டாம். 'ரெண்டு புத்தகம் வாங்கினேன்' என்பது நம் பேச்சில் குற்றமே இல்லை. இரண்டு என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? ஆங்கிலம் இங்கே பிடிவாதம் பிடிக்கும், 'டூ புக்ஸ்' என்றே கேட்கும். அதே ஆங்கிலம் 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றுக்கு மட்டும் எத்தனை இருந்தாலும் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்க்க விடாது. இதில் நியாயம் கேட்டுப் பயனில்லை.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். வழி கேட்கும்போது 'டெல் மீ வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்டு' என்கிறோம். சரியானது, 'டெல் மீ வேர் தி பஸ் ஸ்டாண்டு இஸ்'. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்ததும் ஆங்கிலம் அந்த 'இஸ்'ஸைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கிறது, நம்முடைய 'பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது' போலவே. பள்ளியில் யாராவது இதை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

இந்தச் சோதனை நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். 'ஏ', 'தி' கிடையாது. பன்மையும் கட்டாயமில்லை. ஆக, நம் பிள்ளைகள் இடறும் இடங்கள் பலவற்றில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் இடறினார்கள். வெறும் பொருள் சொல்லும் அகராதி இவர்களுக்குப் போதாது என்று ஹார்ன்பி கண்டார். எந்த வினைக்குப் பின்னால் எது வரலாம், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்றெல்லாம் காட்டும் அகராதி ஒன்றை இன்னும் இருவரோடு சேர்ந்து தொகுத்தார். போருக்கு நடுவே 1942-இல் அது டோக்கியோவில் வெளியாயிற்று. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்று 'ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' என்று கடைகளில் கிடைப்பது அதன் வழிவந்ததுதான். வீட்டில் ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தாலும் இதையும் ஒன்று வாங்கி வையுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பே போதும்.

மரபுத்தொடர் விஷயம் வேறு. இதில் நம் கைடு புத்தகங்கள் செய்த தீங்கு கொஞ்சமல்ல என்பது என் கட்சி. தொடர்களை வரிசையாக அடுக்கி, எதிரே பொருளைப் போட்டு, மனப்பாடம் பண்ணு என்கிறார்கள். மழை பற்றிக் கட்டுரை என்றால் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வராமல் போகாது. இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் அதை அதிகம் கேட்க முடியாது. 'இட்ஸ் போரிங்' என்று சொல்லிவிட்டுக் குடையை விரிப்பார்கள். 'கிக் தி பக்கெட்' என்பதற்கு 'இறந்துபோதல்' என்று எந்தக் கைடிலும் இருக்கும். அது கேலிப்பேச்சு என்று இருக்காது. அதை நம்பி இரங்கல் கடிதத்தில் எழுதினால் என்னாகும்? நம்மிடம் ஒரு வெளிநாட்டார் வந்து 'காதில் மாலை சுற்றாதே' என்றால் சிரிக்கமாட்டோமா? பூவை மாலையாக்கக் கூடாது, அதுதான் மரபுத்தொடரின் சட்டம்.

பட்டியலை விட்டுவிட்டு, தொடர் பிறந்த தொழிலோடு சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும். கிரிக்கெட் நமக்குத் தெரிந்த உலகம். ஆடுகளத்தை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இக்கட்டுதான் 'ஸ்டிக்கி விக்கெட்'. ஒருவர் யாரும் சொல்லாமல் தானாக முன்வந்து செய்தால் 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்'. 'ஹிட் ஃபார் சிக்ஸ்' என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். சிக்ஸர் என்றதும் நமக்கு விசில்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலோ அது அடி வாங்கியவர் பக்கம் நின்று பேசுகிறது: அந்தச் செய்தி கேட்டு ஆடிப்போனார் என்று பொருள். கப்பலிலிருந்து வந்தவையும் ஏராளம். எதிர்க்காற்றில் பாய் பின்னுக்கு அடித்துக் கப்பல் திணறுவதிலிருந்து வந்தது 'டேக்கன் அபேக்', அதாவது திகைத்துப்போதல். புதிதாகச் சேர்ந்த மாலுமி கயிறுகளைப் பழகுவதிலிருந்து வந்தது 'லேர்ன் தி ரோப்ஸ்', அதாவது ஒரு வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்றல்.

'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'டூ தி நீட்ஃபுல்' எல்லாம் தப்பா என்று பலர் கேட்கிறீர்கள். 'ப்ரீபோன்' ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 'டூ தி நீட்ஃபுல்' வெள்ளைக்காரர் எழுதிய அலுவலக ஆங்கிலம்தான். அவர்கள் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். சென்னை அலுவலகத்துக்கு எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். லண்டனுக்கு எழுதும்போது மட்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழ் முதல் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். நீங்கள் சொல்லிச் சிக்கிக்கொண்ட ஆங்கில வாக்கியத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, அப்போது தமிழில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். அந்தத் தமிழ் வரி இருந்தால்தான் தப்பு எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியும். பெயர் போடமாட்டோம். தயங்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்