முகத்துவாரம் திறக்கும் நேரம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. லைட்ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் படகுகள் கரையில் கிடக்கும். அந்த ஏவுதளத்திலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் வானியல் செயற்கைக்கோள் என்ன கொண்டுவந்தது என்பதை அந்தக் குப்பங்களில் யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. நம் வானியல் துறையிலேயே அதை முழுதாக அசைபோட்டோமா என்பதும் ஐயம்தான்.

அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கியின் ஆடி வெறும் 38 செ.மீ. அது 2016 அக்டோபரில் ஹப்பிள் எக்ஸ்ட்ரீம் ஆழ்புலத்தை 28 மணி நேரத்துக்கும் மேலாக உற்றுப் பார்த்தது. அந்தத் தரவில் ஏயுடிஎஃப்எஸ்01 என்ற விண்மீன் திரளைப் புணே அயூகா ஆய்வு மையத்தின் கனக் சாஹா குழு கண்டறிந்து, 2020-இல் 'நேச்சர் அஸ்ட்ரானமி'யில் வெளியிட்டது. செம்பெயர்ச்சி 1.42; ஒளி வந்த தொலைவு 930 கோடி ஒளியாண்டு. அங்கே கிளம்பியபோது சுமார் 600 ஆங்ஸ்ட்ராம் அலைநீளம் கொண்டிருந்த ஒளி அது. அத்தகைய ஒளியில் குறைந்தது 20 விழுக்காடு வெளியே கசிகிறது என்பது அவர்களின் கணிப்பு.

ஆனால் 912 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழுள்ள புறஊதா ஒளியை நடுநிலை ஹைட்ரஜன் விழுங்கிவிடும். அப்படியானால் அதற்கு வழிவிட்டது யார்?

பெருநிறை விண்மீன்கள்தாம். அவற்றின் கதிர்வீச்சு வளிமத்தைச் சூடாக்கித் தள்ளுகிறது, சூப்பர்நோவாக்கள் துளைக்கின்றன. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அயனியாக்கும் ஒளியைப் பொழியும் விண்மீன்களின் ஆயுளே சில மில்லியன் ஆண்டுகள். முதல் சூப்பர்நோவா வெடிப்புக்கும் ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் ஆகும். தொடக்ககாலத் திரள்களில் உலோகம் குறைவு என்பதால் விண்மீன் காற்று வலுவிழந்து போகும். மிகப் பெரிய விண்மீன்கள் சில வெடிக்காமலே கருந்துளையாகிவிடவும் கூடும். மண் மூடிய முகத்துவாரம், வெள்ளம் வடிந்த பிறகு திறந்து என்ன பயன்?

ஆகவே அயனியாக்கும் ஒளி தப்பும் விகிதத்தை 10 அல்லது 20 விழுக்காடு என்று மாறா எண்ணாக வைத்து பேரண்டத்தின் ஹைட்ரஜன் மீண்டும் அயனியான மறுஅயனியாக்கக் காலத்தைக் கணக்கிடும் பழக்கம் போதாது. அது காலத்தோடும் பார்க்கும் திசையோடும் மாறுவது. ஒரு திரளில் கசிவு தென்படாவிட்டால், அதன் அடைபட்ட பக்கத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏயுடிஎஃப்எஸ்01-உம் ஒரே ஒரு திரள்தான்.

செம்பெயர்ச்சி 6-ஐத் தாண்டினால் திரள்களுக்கு இடையேயுள்ள ஹைட்ரஜனே கசிவை மறைத்துவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியாலும் அதை நேரடியாகக் காண முடியாது. செம்பெயர்ச்சி 1 முதல் 3 வரையுள்ள இடைத்தொலைவில்தான் வேலை கிடக்கிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்மொழிந்துள்ள ஒரு மீட்டர் 'இன்சிஸ்ட்' தொலைநோக்கிக்கு இலக்குப் பட்டியல் போடுவோர், விண்மீன்கள் வேகமாகப் பிறக்கும் இளம் திரள்களோடு, அந்தப் பிறப்பு வேகம் ஓய்ந்து சில கோடி ஆண்டுகள் ஆனவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.