பாலத்தருகே சந்தித்த இருவர்

சயாம் ரயில் என்ற பேச்செடுத்தால், நமது லயங்களில் வயதானவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அப்பாதையைப் போட மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் தின்றது போக மிஞ்சியவர்களே வீடு திரும்பினார்கள்.

அதே பாதையில் துன்புற்ற ஒரு வெள்ளையரின் கதையை இங்கே சொல்கிறோம். வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

எரிக் லோமாக்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியானார். 1943-ல் காஞ்சனபுரி முகாமில், கைதிகள் ஒளித்து வைத்திருந்த ரேடியோ அகப்பட்டது. அடித்த அடியில் அவருடைய இரண்டு கைகளும் முறிந்தன. அதன்பின் கட்டிப்போட்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீரைப் பாய்ச்சி விசாரித்தார்கள். பக்கத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் ஆங்கிலத்தில் கேட்டவர் நாகாசே தக்காஷி என்ற மொழிபெயர்ப்பாளர். அடித்தவர்களைவிட அந்தக் குரலின் மீதே லோமாக்ஸுக்கு வஞ்சம் வளர்ந்தது.

நாகாசேயும் நிம்மதியாக இருக்கவில்லை. 1945-ல் நேச நாட்டாரின் கல்லறைகளைத் தேடிய குழுவுடன் சென்று, காட்டுக்குள் கிடந்த சவக்குழிகளைக் கண்ணால் பார்த்தார். பின்னாளில் மீண்டும் மீண்டும் அங்கே போனார். தம் குற்றத்தை நூலாகவும் எழுதினார். 1991-ல் லோமாக்ஸின் மனைவி அவருக்குக் கடிதம் போட்டார். (இரண்டு ஆண்பிள்ளைகளும் எடுக்காத முதல் அடியை ஒரு பெண் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.) 1993-ல் காஞ்சனபுரிப் பாலத்தருகே இருவரும் சந்தித்தனர். நாகாசே குனிந்து வணங்கினார், நடுங்கினார், அழுதார். அவரைக் கொல்ல வேண்டுமென்று பல்லாண்டு நினைத்திருந்தவர், அவரைத் தேற்றினார். பின்பு ஜப்பானில், மன்னித்தேன் என்று கடிதமும் கொடுத்தார். 2011-ல் நாகாசே இறக்கும் வரை நட்பு நீடித்தது.

இதைப் படித்து நாமும் நெகிழ்ந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "பழங்கதையை மறந்து விடுங்கள்" என்று நம் மக்களுக்கு உபதேசிக்கிறவர்கள் இக்கதையை ஆதாரம் காட்டக் கூடாது. லோமாக்ஸ் எதையும் மறக்கவில்லை. குற்றம் செய்தவர் அதை ஒப்புக்கொண்டு எதிரே வந்து நின்றார். அதன் பிறகே மன்னிப்பு வந்தது. நம் லயத்து வாசலில் யார் வந்து நின்றார்கள்? யாரை நாம் மன்னிப்பது?

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர் அங்கே இல்லை. செக்ரோலில் பேர் இருந்த ஆள், செத்த இடத்தில் பேரில்லாமல் போனான். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது உறுத்துகிறது.

உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார்? பெயர், தகப்பனார் பெயர், தோட்டம் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வந்து சேரும் பெயர்களை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.