மூன்று வாரச் சேவையும் நம் முப்பதாண்டு உறக்கமும்

கூடலூர் பேருந்து நிலையத்தில் முதுகுப்பையோடு ஒரு வெள்ளைக்கார வாலிபர் இறங்கினால் நம் கடைத்தெருவில் இரண்டு விதமான பேச்சு எழும். "நாடு விட்டு நாடு வந்து நம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாரே, என்ன தியாகம்!" என்பது ஒன்று. "இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது பாய்" என்பது மற்றொன்று.

இரண்டுமே நமக்கு வசதியான பேச்சுகள். முதல் பேச்சு கைதட்ட வைத்து நம்மை உட்கார வைக்கிறது. இரண்டாவது பேச்சு சந்தேகப்பட வைத்து நம்மை உட்கார வைக்கிறது. ஆக மொத்தம் நாம் உட்கார்ந்தே இருக்கிறோம்! நம் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏழு கடல் தாண்டி ஒருவர் வர வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறோம். வருகிறவர்களையும் கேட்போம். நம்மையும் கேட்போம்.

யார் அந்தப் பிள்ளைகள்?

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்டிருக்கும் இனங்கள் ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு இனத்தாரும் நம் நீலகிரியில் வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நீலகிரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 85 சதவீதம். மாநில சராசரியைவிட அதிகம் என்று நாம் பெருமை பேசுகிறோம். அதே கணக்கில் தமிழகப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம்தான்! ஊட்டியின் பெரிய பெரிய ஆங்கிலப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் இந்த இடைவெளியை மறைத்து நிற்கின்றன.

பணியர் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நிலக்காரர்களின் வயலில் கட்டுண்டு உழைத்த சமூகம் அது. பெயரே பணி செய்கிறவன் என்று ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது பணிய மொழி. பள்ளியில் ஆசிரியர் பேசுவது தமிழ். ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் நாளே வகுப்பறை அந்நிய தேசமாகி விடுகிறது. பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறது. "மக்கு" என்ற பட்டம் கிடைக்கிறது. பிறகு ஒரு காப்பிப் பருவம் வருகிறது, பெற்றோரோடு தோட்டத்துக்குப் போகிறது. போன பிள்ளை திரும்புவதில்லை. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்தது. உள்ளே பிள்ளையோடு அதன் மொழியில் பேச ஆள் வேண்டுமே!

ஊர் எழுந்த வரலாறு

இந்த நிலையை மாற்ற நினைத்தவர்கள் கூடலூரில் இருந்தார்கள். 1986-ல் ஸ்டான் தெக்கேக்கரா, மாரி தெக்கேக்கரா தம்பதியர் அக்கார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசிகளின் நில உரிமைக்காக ஊர் ஊராகச் சங்கம் கட்டினார்கள். 1988 டிசம்பரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் பேரணி கூடலூர் வீதிகளில் ஆயிரமாயிரமாய்த் திரண்டபோது, அதுவரை கடை வாசலில் ஒதுங்கி நின்று சரக்கு வாங்கிய மக்கள் தெருவின் நடுவில் நிமிர்ந்து நடந்தார்கள்.

பின்னர் ராம்தாஸ், ரமா என்ற ஆசிரியத் தம்பதியர் வித்யோதயா பள்ளியை நடத்த வந்தார்கள். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து அது ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக ஆனது. அங்கே நடந்த பெரிய காரியம் எது தெரியுமா? ஆதிவாசி இளைஞர்களையும் இளம்பெண்களையுமே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் பாட்டும் கதையும் பாடமாயின. பிள்ளையின் மொழி தெரிந்தவர் கரும்பலகை முன் நின்றார்.

வெளிநாட்டிலிருந்தும் இந்தியாவின் பிற ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் அங்கே வந்ததுண்டு, உதவியதுண்டு. அந்த நன்றியை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளியைத் தாங்கியவர்கள் வந்து போனவர்கள் அல்லர், தங்கியவர்கள்.

சேவையா, சுற்றுலாவா?

இன்று உலகெங்கும் ஒரு புதிய வியாபாரம் நடக்கிறது. "ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், கூடவே யானை பாருங்கள், மலை ஏறுங்கள்" என்று ஏஜென்சிகள் விளம்பரம் செய்கின்றன. பயிற்சி தேவையில்லை, மொழி தேவையில்லை. பணம் கட்டினால் போதும்! பதினெட்டு வயதுப் பையன் தன் நாட்டில் ஒரு வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியாது. ஆனால் நம் நாட்டில் நுழையலாமாம். ஏன்? நம் பிள்ளை ஏழை. ஏழைக்கு எது கிடைத்தாலும் லாபம் என்ற திமிர்தான் இதற்கு அடிப்படை.

நாம் மட்டும் சொல்லும் குற்றச்சாட்டல்ல இது. இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1968-ல் மெக்சிகோவில், அந்நாட்டுக் கிராமங்களுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுகிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவதையே பணியாகக் கொண்டு 1958 முதல் இயங்கும் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பே, சரியாகத் திட்டமிடாத இத்தகைய பயணங்களால் பயனில்லை என்று 2007-ல் வெளிப்படையாக எச்சரித்தது. 2017-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறை பற்றி விசாரித்தபோது, அனாதை இல்லங்களுக்கு வரும் தொண்டர்களின் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளும் சில நாடுகளில் 'அனாதை' ஆக்கப்படும் கொடுமையைத் தன் அறிக்கையில் பதிவு செய்தது. சேவைக்குச் சந்தை உருவானால் ஏழ்மை சரக்காகி விடுகிறது!

இந்திய அரசின் விதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மிகாத, சம்பளமில்லாத தொண்டு செய்ய வருகிறவர் சுற்றுலா விசாவிலேயே வரலாம். மூன்று வாரச் சேவையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

வருகிறவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. பலர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் குழந்தையின் இடத்தில் நின்று பாருங்கள். முதல் வாரம் பெயர் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் வாரம் பாட்டுச் சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் வாரம் கட்டிப்பிடித்து அழுது, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த மாதம் வேறொருவர் வந்து மறுபடியும் அதே பாட்டை ஆரம்பிக்கிறார். ஆண்டுக்கு எட்டுப் பேர் வந்து போனாலும் அந்தப் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் வந்ததா? அதைக் கேட்க ஆளில்லை!

அளவுகோல் எது?

இந்த மலைக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. பாசல் மிஷன் 1846-ல் கேத்தியில் காலூன்றியது. அதைச் சேர்ந்த மெட்ஸ் பாதிரியார் படகர் மொழியைக் கற்று, கிராமம் கிராமமாக நடந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே உழைத்தார். அவருடைய நோக்கம் மதமாற்றம். அதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த உழைப்பைப் பார்க்க மறுப்பது நியாயமல்ல. மொழி கற்காமல் மனிதனை நெருங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1961-ல் அமெரிக்க அரசு தொடங்கிய அமைதிப் படைகூடத் தன் தொண்டர்களுக்கு வைத்த தவணை இரண்டு ஆண்டுகள்.

நம் வரலாற்றில் இதைவிடத் தெளிவான அளவுகோல் இருக்கிறது. ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக்காரர்களில் மீட்புத்தொகை கட்ட வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) விதித்த நிபந்தனை என்ன? ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே. பிள்ளைகள் தேர்ந்தால் விடுதலை! இத்தனை நாள் வந்தாயா, எவ்வளவு உருகினாய், எத்தனை மைல் கடந்தாய் என்ற கணக்கே அங்கில்லை. பிள்ளைக்கு எழுத வந்ததா என்ற ஒன்றே கணக்கு. கைதிக்கு வைத்த அந்த அளவுகோலைத் தொண்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு வைக்கக் கூடாதா?

இனி நம் பக்கம் வருவோம்

சகோதரர்களே! வெள்ளைக்காரரைக் குறை சொன்னதும் சிலருக்கு மனம் குளிர்ந்திருக்கும். குளிர வேண்டாம். மூன்று வாரம் வந்தவரை விமர்சிக்க, மூன்று மணி நேரமாவது போனவனுக்குத்தான் தகுதி உண்டு.

கூடலூரில், பந்தலூரில், ஊட்டியில், குன்னூரில் நம்மவர் கடைகள் எத்தனை! வாரக்கூலி கிடைத்ததும் ஆதிவாசியும் எஸ்டேட் தொழிலாளியும் நேராக வருவது நம் கல்லாவுக்குத்தான். அரிசியும் துணியும் செருப்பும் நம்மிடம் வாங்கித்தான் அவர்கள் வாழ்கிறார்கள், அவர்கள் வாங்குவதால்தான் நாம் வாழ்கிறோம். அவர்களுடைய பற்றுக் கணக்கு நம் நோட்டில் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா?

ஜூன் மாதம் வந்தால் நாமும் ஒரு விழா நடத்துகிறோம். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, இலவச நோட்டுப் புத்தகம், வரிசையில் நிற்கும் பிள்ளைகள், புகைப்படம். மறுநாள் மறந்து விடுகிறோம். வெள்ளைக்காரருக்கு மூன்று வாரச் சுற்றுலா என்றால் நமக்கு மூன்று மணி நேரச் சுற்றுலா! வித்தியாசம் டிக்கெட் விலையில் மட்டுமே.

"அவர்கள் நம் சமுதாயம் இல்லையே, நம் பிள்ளைகளே படிக்காமல் கிடக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்காக உழைப்பதை யார் தடுத்தது? ஆனால் அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பவனைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த அண்டை வீட்டான் எந்த மதம் என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லையே! பசி வயிற்றுக்கு மட்டும்தானா?

நம்மிடம் இருப்பது என்ன?

லண்டனிலிருந்து வருகிறவரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது மொழி!

பணிய மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. கூடலூர், பந்தலூரில் வீட்டில் மலையாளம் பேசும் நம் இளைஞர் ஆறு மாதம் பழகினால் பணியர் பிள்ளையோடு அதன் மொழியிலேயே பேசலாம். குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்டுகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறித்த இந்த மலையில், இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களும் பறிக்கின்றன. அந்தப் பிள்ளைகள் தமிழ் வகுப்பறையில் ஊமையாக உட்கார்ந்திருக்கின்றன. அவர்களில் பலருக்கு இந்தி புரியும். வீட்டில் உருது பேசும் ஊட்டி, குன்னூர் வாலிபர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்தியில் ஒரு வார்த்தை, தமிழில் ஒரு வார்த்தை என்று அந்தப் பிள்ளையைக் கைபிடித்துக் கரையேற்ற உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்ப் பெண்கள் லட்சக்கணக்கில் முன்வந்து மாலை நேரத்தில் பாடம் நடத்தினார்கள். விமானச் செலவு இல்லை, விசா இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பாடம் சொன்னார், பிள்ளை கேட்டது. இது முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, பள்ளி கேட்டால் போங்கள். கேட்காத உதவியைத் திணிக்காதீர்கள். எது தேவை என்று தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் சொல்லட்டும்.

இரண்டாவது, ஒப்புக்கொண்டால் ஒரு கல்வியாண்டு முழுவதும் போங்கள். வாரம் இரண்டு மாலை போதும். நடுவில் நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மூன்றாவது, பள்ளிக்குள் மதத்தையும் கட்சிக்கொடியையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாடம் சொல்லப் போகிறவர் பாடம் மட்டும் சொல்லட்டும். பாதிரியாரிடம் எதை ஏற்கவில்லையோ அதை நாமும் செய்யக் கூடாது.

நான்காவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. உள்ளூர்க்காரரானாலும் வெளிநாட்டவரானாலும் பின்னணி விசாரிக்காமல் எவரையும் பிள்ளைகளிடம் விடக் கூடாது. எவரையும் பிள்ளையோடு தனியே விடக் கூடாது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் சும்மா வந்ததல்ல. நம் பிள்ளைகள் படிக்கும் மக்தபுக்கும் இதே விதிதான்.

ஐந்தாவது, வியாபாரப் பெருமக்களுக்கு. மேடைக்கும் பொன்னாடைக்கும் செய்யும் செலவை நிறுத்துங்கள். பழங்குடி இளம்பெண் ஒருவர் ஆசிரியர் பயிற்சி முடிக்கும்வரை ஆகும் செலவை நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் படித்த பையனுக்கு வாரம் இரண்டு மாலை சம்பளத்தோடு அனுமதி கொடுங்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் சகோதரர்கள், கணக்கும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்கள், ஒரு மாத விடுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டாம். அங்கேயே இருக்கப்போகும் ஆசிரியருக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் போன பிறகும் அது நிற்கும். வெளிநாட்டுத் தொண்டருக்கும் நாம் சொல்லும் வழி இதுவே.

வெளிநாட்டார் வரட்டும். தடுக்க வேண்டாம். ஆனால் அவர் வந்து பார்க்கும்போது, "உங்களுக்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டும் இருப்பார்கள்" என்று அந்தப் பள்ளி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து இளைஞர்கள் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் ஊரில் எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன மொழி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தப் பள்ளியின் வாசலில் போய் நின்று, "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள்.

செய்வீர்களா?